பாம்புக்கடிக்குப் பச்சிலை: "சோதித்து நிரூபித்துவிட்டார்கள்" என்றால் எதுவரை சோதித்தார்கள்?

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பாம்புக்கடி பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு செடியின் பெயர் வந்துவிடும். சிறியாநங்கை என்பார் ஒருவர், ஈஸ்வரமூலி என்பார் இன்னொருவர், மலைக்கு அந்தப் பக்கம் குமுளியிலோ வண்டன்மேட்டிலோ ஒரு விஷவைத்தியர் பச்சிலை அரைத்துக் கொடுத்தே எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறார் என்று மூன்றாமவர் சொல்வார். விடியற்காலையில் ஜீப்பில் கம்பம் மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு இது பொழுதுபோக்குப் பேச்சு கிடையாது. ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு தரையாகத்தான் காய்க்கிறது. அதை எடுக்கக் குனிந்து கைவிடும் இடமும் பாம்பு பதுங்கும் இடமும் ஒன்றுதான்.

இப்போது இந்தப் பேச்சோடு வாட்ஸ்அப்பும் சேர்ந்துகொண்டது. "இந்தச் செடி பாம்பு விஷத்தை முறிக்கிறது என்று விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள், ஆனால் மருந்து கம்பெனிகள் மறைக்கின்றன" என்று ஒரு பக்கம். "பச்சிலையெல்லாம் சுத்தப் பொய், மூடநம்பிக்கை" என்று இன்னொரு பக்கம். இரண்டு பேருமே ஒரே கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். செடிகளைச் சோதித்திருக்கிறார்கள், அதுவும் ஏராளமாக, இந்தியாவிலும் பிரேசிலிலும் நைஜீரியாவிலும். அந்தச் சோதனைகளில் பல நல்ல முடிவையும் காட்டியிருக்கின்றன. ஆனால் சோதனைக் குழாயில் ஒரு விஷம் அடங்குவதற்கும் கடிபட்ட மனிதர் உயிர் பிழைப்பதற்கும் நடுவில் பல படிகள் இருக்கின்றன, பெரும்பாலான செடிகள் முதல் படியிலேயே நிற்கின்றன. அந்தப் படிகள் என்னென்ன என்பதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. யாரையாவது பாம்பு கடித்திருந்தால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

விஷம் என்பது ஒரே பொருள் அல்ல

பாம்பு விஷத்தை ஏதோ ஒரு திரவம், அதற்கு ஒரு முறிவு இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பல பத்துப் புரதங்களின் கலவை. ஒவ்வொன்றுக்கும் உடம்பில் வேறு வேறு வேலை.

இந்தியாவில் அதிக உயிரைக் குடிக்கும் நான்கு பாம்புகளை எடுத்துக்கொள்வோம். நல்ல பாம்பின் விஷத்தில் இருக்கும் ஒருவகைப் புரதம் நரம்பிலிருந்து தசைக்கு வரும் கட்டளையைத் தசையின் வாசலிலேயே அடைத்துவிடுகிறது. கண்ணிமை தொங்கும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சுவிடும் தசையும் நின்றுபோகும். கட்டுவிரியன் அதே முடிவுக்கு வேறு வழியில் போகிறது. அது நரம்பின் நுனியையே சிதைக்கிறது, அதனால் ஒருமுறை நடந்துவிட்டால் மருந்து கொடுத்தாலும் நரம்பு நுனி மறுபடி வளரும் வரை நோயாளியை வென்டிலேட்டரில்தான் வைத்திருக்க வேண்டும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் முக்கியமாக ரத்தத்தைத் தாக்குகின்றன. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைத் தேவையே இல்லாமல் தூண்டித் தூண்டித் தீர்த்துவிடும். அப்புறம் ஈறிலும் சிறுநீரிலும் கடிவாயிலும் ரத்தம் கசியும்போது உறையவைக்க உடம்பில் எதுவும் மிச்சம் இருக்காது. கண்ணாடி விரியன் இதோடு நிற்காமல் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இங்கே ஒரு சொல் தெரிந்துகொள்ள வேண்டும்: நொதி. என்சைம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு வேதிவினையை வேகப்படுத்தும் புரதம்தான் நொதி. நம் வயிற்றில் சோற்றையும் பருப்பையும் சிதைப்பவை நொதிகள். விரியன் விஷத்தில் தசையையும் ரத்தக்குழாய்ச் சுவரையும் சிதைப்பவையும் நொதிகளே. நல்ல பாம்பின் நரம்பு நஞ்சு நொதி இல்லை, அது வெறுமனே போய் ஒட்டிக்கொண்டு வழியை அடைப்பது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், செடிகளைப் பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

ஆகவே, "இந்தச் செடி பாம்பு விஷத்தை முறிக்கும்" என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி, எந்தப் பாம்பின் விஷத்தில் எந்தப் பகுதியை? ஒரே இலை நான்கு பாம்பின் அத்தனை புரதங்களையும் அடக்கும் என்பது மிகப் பெரிய கூற்று. அதற்கேற்ற பெரிய ஆதாரமும் வேண்டும்.

ஆஸ்பத்திரி மருந்து எப்படி வேலை செய்கிறது

ஆஸ்பத்திரியில் ஏஎஸ்வி என்று சொல்வார்கள், அதுதான் விஷமுறிவு மருந்து. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாம்பு விஷத்தைச் செலுத்துகிறார்கள். குதிரையின் உடம்பு அந்த விஷப் புரதங்களைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருட்களை உண்டாக்குகிறது. எதிர்ப்பொருள் என்பது ஒரு குறிப்பிட்ட அந்நியப் பொருளை மட்டும் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதம். அதைக் குதிரையின் ரத்தத்திலிருந்து பிரித்துச் சுத்தம் செய்து குப்பியில் அடைத்தால் மருந்து. இதற்கான விஷம் இந்தியாவில் பெருமளவு நம் தமிழ்நாட்டிலிருந்துதான் போகிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறது.

இந்த மருந்தைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன், அதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. 10 மில்லிலிட்டர் குப்பி ஒன்று 6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும், 6 மில்லிகிராம் நல்ல பாம்பு விஷத்தை முறிக்கும், கட்டுவிரியன், சுருட்டை விஷமென்றால் 4.5 மில்லிகிராம். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் செலுத்துகிறது என்று அளந்திருக்கிறார்கள். அதனால்தான் டாக்டர் எடுத்தவுடன் எட்டுப் பத்துக் குப்பி போடுகிறார். போட்ட பிறகு வேலை செய்ததா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. கொஞ்சம் ரத்தத்தை எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் விரியன் விஷம் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இந்த அளவுக் கணக்கு எந்தப் பச்சிலைக்கும் கிடையாது. ஒரு கைப்பிடி இலை எத்தனை மில்லிகிராம் விஷத்தை முறிக்கும், குழந்தைக்கு எவ்வளவு, போதவில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இதற்குப் பதில் இல்லாதவரை அதை மருந்து என்று சொல்ல முடியாது, மருந்தாக மாறக்கூடிய பொருள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஏஎஸ்வியில் குறையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும். ஒரே இனப் பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறுவதை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள், ஆக ஒரு பகுதியில் எடுத்த விஷத்தை வைத்துச் செய்த மருந்து எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. கடிவாயைச் சுற்றித் தசை அழுகத் தொடங்கிவிட்டால் ஏஎஸ்வியால் அதைப் பெரிதாகத் திருப்ப முடியாது. எங்கள் மலைக்கென்றே இன்னொரு பெரிய குறை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

"எங்க தாத்தா பிழைச்சாரே"

பச்சிலைக்கு ஆதாரமாக எல்லோரும் சொல்வது பிழைத்தவர்களின் கதை. பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவே இல்லை, பிழைத்தது உண்மைதான். எதனால் பிழைத்தார் என்பதுதான் கேள்வி.

முதலில், கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. சாரை, தண்ணீர்ப் பாம்பு, கட்டுவிரியனைப் போலவே பட்டை போட்டிருக்கும் ஓநாய்ப் பாம்பு, இவை கடித்தால் ஒன்றும் ஆகாது. அடுத்தது, விஷப் பாம்பே கடித்தாலும் சில நேரம் விஷத்தை இறக்காமல் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போகும். இதை வறட்டுக்கடி என்று வைத்துக்கொள்வோம். அரிதான சங்கதி இல்லை இது, டாக்டர்கள் அடிக்கடி பார்ப்பதுதான். மூன்றாவது, விஷம் இறங்கினாலும் அளவு குறைவாக இருந்தால் உடம்பே சமாளித்துவிடும்.

கணக்குக்காக ஒரு வைத்தியரிடம் 100 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் 80 பேருக்கு விஷமே ஏறவில்லை. அவர் வெறும் தண்ணீரைக் கொடுத்தாலும் 80 பேர் பிழைத்து, வாழ்நாள் முழுக்க அவர் பெயரைச் சொல்வார்கள். மீதி 20 பேரில் இறந்தவர்கள் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. அவர்கள் வீட்டாரும் "நேரம் கடந்து போயிட்டோம்", "விதி" என்று தங்களைத் தாங்களே தேற்றிக்கொள்வார்கள். வைத்தியர் நேர்மையானவராகவே இருக்கட்டும், அவர் கண்ணுக்கும் தன் மருந்து வேலை செய்வதாகத்தான் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து வாங்காத இன்னொரு 100 பேர் அவர் முன்னால் இல்லையே.

கசப்பு சோதனையும் இப்படித்தான். வேப்பிலையோ சிறியாநங்கை இலையோ கொடுத்து மெல்லச் சொல்வார்கள், கசந்தால் விஷமில்லை, இனித்தால் விஷம் ஏறிவிட்டது என்பார்கள். கட்டுவிரியன் விஷயத்தில் இது உயிரையே வாங்கிவிடும். அது பெரும்பாலும் ராத்திரி, தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும். வலி இருக்காது, தழும்புகூடச் சரியாகத் தெரியாது. சில மணி நேரம் எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும், இலையும் வழக்கம்போல் கசக்கும். "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போ" என்று அனுப்பப்பட்டவருக்கு விடிவதற்குள் வயிற்றுவலி, இமை தொங்கல், மூச்சுத் திணறல். ஊரில் நடக்கும் தவறுகளிலேயே என்னை மிகவும் வருத்துவது இதுதான், ஏனென்றால் அந்த மணி நேரங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் போதுமான மணி நேரங்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்திருப்பதாக 2020-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலானவர்கள் கிராமத்துக்காரர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்து சேராமலே போனவர்கள் ஏராளம்.

சுருக்கமாக: பிழைத்தவர்களை மட்டும் எண்ணி ஒரு மருந்தை எடைபோட முடியாது. மருந்து இல்லாமல் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்பது தெரிந்தால்தான் மருந்தின் பங்கு தெரியும்.

வாழைக்கறையும் ஆய்வகமும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். எங்கள் பக்கம் வாழைத்தார் வெட்டிய யாருக்கும் வாழைக்கறை பற்றித் தெரியும். ஒரு கிண்ணத்தில் வாழைச்சாற்றைப் பிடித்து, அதில் பிளீச்சிங் பவுடர் கரைசலைக் கலந்துவிட்டு, அந்தக் கலவையை வேட்டியில் ஊற்றிப் பாருங்கள், கறை பிடிக்காமல் போகலாம். ஆனால் நிஜத்தில் யாருக்கும் அப்படிக் கறை படுவதில்லை. சாறு வேட்டியில் தெறிக்கிறது, நூலுக்குள் இறங்குகிறது, காய்ந்து கறுக்கிறது, அதற்கப்புறம்தான் நாம் அதைப் போக்க எதையாவது தேடுகிறோம். கிண்ணத்தில் நடந்ததை வைத்து "கறை போகும்" என்று சத்தியம் செய்ய முடியுமா?

பாம்பு விஷத்துக்கான செடி ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கிண்ண வகைதான். செடியின் சாற்றையும் விஷத்தையும் முதலிலேயே ஒன்றாகக் கலந்து, அரை மணி நேரம்போல உடல் வெப்பத்தில் வைத்துவிட்டு, அந்தக் கலவையை எலிக்குச் செலுத்துகிறார்கள். எலி பிழைத்தால் "விஷத்தை முறித்தது" என்று கட்டுரை வருகிறது. இதை முன்கலப்புச் சோதனை என்று சொல்லலாம்.

நம் கரிசலாங்கண்ணியையே பாருங்கள். பிரேசில் ஆய்வாளர்கள் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், அதன் சாறும் அதிலுள்ள வெடலோலாக்டோன் போன்ற பொருட்களும் தென் அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பு விஷத்தின் கொல்லும் தன்மையை எலிகளில் தடுத்தன. நல்ல ஆய்வு, உண்மையான முடிவு. ஆனால் அது முன்கலப்பில் கிடைத்த முடிவு, பாம்பும் நம் ஊர்ப் பாம்பு அல்ல. நன்னாரி வேரிலிருந்து கல்கத்தாவில் 1990-களில் ஒரு சேர்மத்தைப் பிரித்து, அது விரியன் விஷத்தின் சில வேலைகளைச் சோதனை விலங்குகளில் தடுப்பதாகக் காட்டினார்கள். இதுவும் மதிக்க வேண்டிய வேலை. இரண்டிலிருந்தும் கடிபட்ட மனிதருக்குக் கொடுக்கும் மருந்து இன்னும் வரவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏஎஸ்வியின் வலிமையையும் முன்கலப்பில்தான் அளக்கிறார்கள். அதனால் அந்தச் சோதனையே தப்பு என்று சொல்ல வரவில்லை. அது முதல் வடிகட்டி. அதிலேயே தேறாததை மேலே கொண்டுபோக வேண்டாம், தேறியதை அடுத்த படிக்கு எடுத்துப் போகலாம் என்பதற்கான சோதனை அது. ஏஎஸ்வி அதைத் தாண்டிப் பல பத்தாண்டுகளாக ஆஸ்பத்திரிகளில் மனிதர்களின் ரத்தம் மறுபடி உறைவதைக் காட்டியிருக்கிறது. செடிகள் பெரும்பாலும் வடிகட்டியோடு நின்றுவிட்டன.

முன்கலப்பில் ஏமாற்றும் ஒரு பொருளையும் தெரிந்துகொள்ளுங்கள்: டானின். கடுக்காயிலும் புளியங்கொட்டைத் தோலிலும் வாழைச்சாற்றிலும் துவர்ப்பைக் கொடுப்பது இதுதான். துவர்ப்பு நாக்கில் எப்படி வருகிறது தெரியுமா, டானின் நம் எச்சிலில் இருக்கும் புரதங்களைப் பிடித்துத் திரளவைக்கிறது, அதனால்தான் வாய் இழுத்துப் பிடித்தது போல் ஆகிறது. விஷமும் புரதம்தானே, குழாயில் டானினோடு கலந்தால் அதுவும் திரண்டு செயலிழக்கும். ஆனால் டானினுக்கு விஷப் புரதம், நல்ல புரதம் என்ற பேதம் கிடையாது. வாய்வழியாகக் குடித்தால் வழியில் கிடைக்கும் எச்சில், குடல் புரதங்களையெல்லாம் பிடித்துக்கொண்டு அங்கேயே தீர்ந்துபோகும், காலில் ஏறிய விஷத்தை அது எட்டவே போவதில்லை. அதனால் ஒரு கவனமான ஆய்வாளர் சாற்றிலிருந்து டானினை நீக்கிவிட்டு மறுபடி சோதிப்பார். பல செடிகளின் "சக்தி" அந்த இடத்திலேயே மாயமாகிவிடும்.

அடுத்த படி: விஷம் முதலில், மருந்து பிறகு

உண்மையான கடியை ஒத்த சோதனையில் எலிக்கு முதலில் விஷத்தை மட்டும் செலுத்துவார்கள். கொஞ்ச நேரம் விட்டு, வேறு இடத்தில் ஊசியாகவோ வாய்வழியாகவோ செடி மருந்தைக் கொடுப்பார்கள். இன்னொரு கூட்டம் எலிகளுக்கு அதே விஷம், ஆனால் வெறும் உப்புத் தண்ணீர். எது எத்தனை பிழைத்தது என்று ஒப்பிடுவார்கள். இங்கே மருந்துக்கு வேலை பல மடங்கு கடினம். குடலைத் தாண்ட வேண்டும், ஈரல் சிதைக்காமல் விட வேண்டும், ரத்தத்தில் போதுமான அளவு சேர வேண்டும், விஷம் ஏற்கனவே ஒட்டிக்கொண்ட இடத்தில் போய் அதைத் தடுக்க வேண்டும். வேட்டியில் இறங்கிவிட்ட கறைக்கான சோதனை இது.

இந்தப் படியில் எந்த வகை விஷத்துக்கு நம்பிக்கை அதிகம் என்று கேட்டால், விரியன் வகைக்கு என்றுதான் சொல்வேன். நொதிக்கு வேலை செய்ய ஒரு சிறிய குழி போன்ற இடம் உண்டு. செடியின் சிறிய மூலக்கூறு ஒன்று அந்தக் குழியில் பொருந்தி உட்கார்ந்துவிட்டால் நொதி நின்றுவிடும். நல்ல பாம்பின் நரம்பு நஞ்சில் அப்படிப்பட்ட குழி இல்லை, அகலமான முகத்தால் போய் ஒட்டிக்கொள்கிறது, அதைச் சின்ன மூலக்கூறால் தடுப்பது சிரமம்.

பூனைக்காலி தனிக் கதை. நைஜீரியாவில் அதன் விதையைக் கடிக்கு முன்னாலேயே, பாதுகாப்புக்காக விழுங்கும் வழக்கம் உண்டு. விஷம் செலுத்துவதற்கு முன்பே விதைச் சாற்றை ஊசி மூலம் கொடுத்த எலிகள் ஒருவகைச் சுருட்டை விரியன் விஷத்தை ஓரளவு தாங்கின. விதையில் உள்ள ஒரு புரதம் விஷப் புரதத்தை ஒத்திருப்பதால் உடம்பு முன்கூட்டியே எதிர்ப்பொருள் தயாரிக்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். உண்மையாகவே சுவாரசியமான விஷயம்தான். ஆனால் கடித்த பிறகு பூனைக்காலி விதையைத் தேடி ஓடுவதற்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை.

கறையோடு துணியும் போனால்

பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டினால் கறை போகும், வேட்டியும் இற்றுப்போகும். செடி மருந்துகளிலும் இந்த ஆபத்து இருக்கிறது, "இயற்கைதானே, கெடுதல் பண்ணாது" என்பவர்களுக்கு இதைத்தான் எடுத்துக்காட்ட வேண்டும்.

ஈஸ்வரமூலி, கருடக்கொடி என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பாம்புக்கடிக்குப் பேர்போனது. அதில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. விஷத்தின் ஒருவகை நொதியை அது ஆய்வகத்தில் தடுக்கிறது, ஆக முன்னோர்கள் இந்தச் செடியைத் தேர்ந்தெடுத்ததில் ஏதோ இருக்கிறது. ஆனால் அதே அமிலம் மனிதச் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருட்களின் வரிசையில் வைத்திருக்கிறது. பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது 1993-இல் வெளிவந்தது. விசாரித்தால், சேர்க்க வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக ஈஸ்வரமூலி இனத்தைச் சேர்ந்த ஒரு செடி கலந்திருந்தது. கண்ணாடி விரியன் கடித்து ஏற்கனவே சிறுநீரகம் தத்தளிக்கும் ஒருவருக்கு இதையே அரைத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

செடி மாறிப்போவது பெல்ஜியத்தில் மட்டும் நடப்பதில்லை. சிறியாநங்கை என்று ஒரு ஊரில் நிலவேம்பையே காட்டுகிறார்கள், இன்னொரு ஊரில் வேறு செடியை. நன்னாரி வேர் என்று கடையில் மாகாளிக் கிழங்கு வருவது உண்டு. ஒரே செடியானாலும் மழைக்காலத்தில் பறித்ததும் கோடையில் பறித்ததும், மலைச்சரிவில் வளர்ந்ததும் வயல்வரப்பில் வளர்ந்ததும் ஒரே அளவு சத்து தராது. அதனால் முறையான ஆய்வு முதலில் செடியை அடையாளம் காட்டி, உலர்த்திய மாதிரியைப் பத்திரப்படுத்தி, எந்தப் பகுதி, எந்தக் கரைசலில், எவ்வளவு என்று எழுதிய பிறகுதான் எலிப்பக்கம் போகும்.

இதுவரை பார்த்தது: முன்கலப்பு முதல் வடிகட்டி. விஷத்துக்குப் பிறகு மருந்து கொடுக்கும் சோதனைதான் நிஜக் கடிக்குப் பக்கத்தில் வருகிறது. அதோடு மருந்தே நஞ்சா என்பதையும் பார்க்க வேண்டும்.

மனிதர்களிடம் எப்படிச் சோதிப்பது?

"ஒரு பாதிப் பேருக்குப் பச்சிலை, ஒரு பாதிப் பேருக்கு ஏஎஸ்வி கொடுத்துப் பார்க்க வேண்டியதுதானே" என்று கேட்கிறவர்கள் உண்டு. செய்யக் கூடாது. உயிர் காக்கும் மருந்து கையில் இருக்கும்போது அதை ஒருவருக்கு மறுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பது கொலைக்குச் சமம், எந்த அறநெறிக் குழுவும் அதற்கு அனுமதி தராது.

அனுமதிக்கத் தக்க வழி இது: எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை, தேவைப்பட்டால் ஏஎஸ்வி. அதற்கு மேல் ஒரு பாதிப் பேருக்குப் புதிய மருந்து, மறுபாதிக்கு அதே நிறம், அதே வடிவில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்வார்கள், நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. ரத்தம் எத்தனை மணி நேரத்தில் உறைந்தது, வீக்கம் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி என்று அளந்து கடைசியில் திறந்து பார்ப்பார்கள்.

இது கற்பனை இல்லை, நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. வேரெஸ்பிளாடிப் என்ற மருந்து, செடியிலிருந்து வந்ததல்ல, வேறு நோய்களுக்காக ஆய்வகத்தில் உருவாக்கியது. விஷத்தின் ஒரு முக்கிய நொதியின் குழியில் அழகாகப் பொருந்துகிறது, விலங்குகளில் விஷத்துக்குப் பிறகு கொடுத்தும் நன்றாக வேலை செய்தது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் கடிபட்டவர்களுக்கு வழக்கமான சிகிச்சையோடு மாத்திரையாகக் கொடுத்துச் சோதித்தார்கள். 2024-இல் முடிவு வந்தது. மொத்தக் கூட்டத்தையும் ஒப்பிட்டபோது எதிர்பார்த்த தெளிவான பலன் தெரியவில்லை, கடித்துச் சில மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களிடம் மட்டும் நம்பிக்கை தரும் அறிகுறி இருந்தது. ஆராய்ச்சி தொடர்கிறது. இவ்வளவு கூர்மையாக வடிவமைத்த, அளவு தெரிந்த ஒரு மருந்துக்கே மனித உடம்பில் இத்தனை கஷ்டம் என்றால், அரைத்த இலை ஒன்று முன்கலப்பில் தேறியதை வைத்து நாம் எவ்வளவு நிதானமாகப் பேச வேண்டும்!

தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று

செடி ஆய்வு வீண் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். சர்ப்பகந்தா, கேரளத்தில் அமல்பொரி என்பார்கள், பெயரிலேயே பாம்பு இருக்கும் இந்த வேரைப் பாம்புக்கடிக்கும் மனநோய்க்கும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்தார்கள். பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் இது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை நோயாளிகளிடம் அளந்து வெளியிட்டார். 1952-இல் இதிலிருந்து ரிசர்பின் என்ற பொருளைப் பிரித்தார்கள், அது உலகம் முழுக்க ரத்த அழுத்த மாத்திரையானது. பாம்புக்கடிக்குத்தான் அது மருந்தாகவில்லை. முறையாகச் சோதித்ததால்தான் செடியின் உண்மையான பலம் எங்கே இருக்கிறது என்று தெரியவந்தது.

எங்கள் மலையில் இதற்கு எங்கே இடம்?

முன்னால் தள்ளிப்போட்ட குறைக்கு இப்போது வருகிறேன். இடுக்கி ஏலக்காடுகளிலும் காப்பித் தோட்டங்களிலும் சருகு நிறத்தில், மூக்கு நுனி மேல்நோக்கி எழும்பிய ஒரு சிறிய குழிவிரியன் இருக்கிறது, மலையாளத்தில் முழமூக்கன் குழிமண்டலி. சின்னப் பாம்பு என்று அலட்சியமாக நினைப்பார்கள், ஆனால் ரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் கெடும், இறந்தவர்களும் உண்டு. இந்தியாவில் கிடைக்கும் ஏஎஸ்வி நான்கு பாம்புகளின் விஷத்துக்காகச் செய்தது, இந்தப் பாம்புக்கு அது பயன்படுவதில்லை. இதைச் சுருட்டை விரியன் என்று தவறாக எண்ணி ஏஎஸ்வி கொடுத்துப் பலனில்லாமல் போன சம்பவங்களைக் கேரள மருத்துவர்கள் 2007-இலேயே எழுதியிருக்கிறார்கள். அதனால் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று ஆகிவிடாது, ரத்தம் ஏற்றவும் டயாலிசிஸ் செய்யவும் அங்கேதான் முடியும்.

செடி ஆய்வு பண்ண ஆசைப்படும் ஒரு இளைஞர் என்னிடம் கேட்டால், இந்த இடத்தில் வேலை செய்யுங்கள் என்பேன். முறிவு மருந்தே இல்லாத பாம்பு, கடிவாய்த் தசை அழுகலைத் தடுப்பது, மலையிலிருந்து கட்டப்பனைக்கோ தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கோ வந்து சேரும்வரை விஷத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்துவது, இந்த மூன்றிலும் ஏஎஸ்வி விட்ட இடைவெளி இருக்கிறது, விரியன் நொதிகளைத் தடுக்கும் செடி மூலக்கூறுக்கு இங்கே உண்மையாகவே வாய்ப்பு உண்டு. நல்ல பாம்பு விஷத்துக்கு நூற்றோராவது முன்கலப்புக் கட்டுரை எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அதுவரை, கடித்தவுடன் செய்ய வேண்டியது மாறவில்லை. கடிபட்ட கை காலை எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல் கட்டை வைத்து அசையாமல் வையுங்கள், மோதிரம், கொலுசு, வாட்சைக் கழற்றுங்கள், நடக்கவிடாமல் தூக்கிப் போங்கள். கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டாம், பாம்பை அடித்து எடுத்துவர வேண்டாம், தூரத்திலிருந்து போனில் படம் எடுக்க முடிந்தால் போதும். பச்சிலைச் சாறும் கொடுக்காதீர்கள், விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

விஷவைத்தியர்கள் இந்த வேலையில் எதிரிகள் அல்ல. எந்தச் செடி, எந்தப் பருவம், எந்தப் பகுதி என்பது அவர்களுக்குத்தான் தெரியும், கடிபட்டவர் முதலில் ஓடுவதும் அவர்களிடம்தான். "முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ, அப்புறம் என்னிடம் வா" என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஊரே கேட்கும். அவர்கள் அறிவை வாங்கிக்கொள்கிறவர்கள் அதற்கு உரியதையும் கொடுக்க வேண்டும், அதற்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. 1987-இல் அகத்தியமலைப் பக்கம் போன ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடியினர், களைப்பு தெரியாமல் இருக்க ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழத்தைத் தின்றார்கள். கேரளத்தின் பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அதைச் சோதித்து மருந்தாக்கி, உரிமத் தொகையில் சரிபாதியைக் காணி மக்களுக்கு என்று ஒப்பந்தம் செய்தது. அதில் பின்னால் சிக்கல்கள் வந்தன என்பது உண்மைதான், ஆனாலும் அப்படி ஓர் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசக்கூட மனமில்லாமல் செடியின் பெயரை மட்டும் கேட்டு வருகிறவர்களிடம் எங்கள் பெரியவர்கள் வாயைத் திறக்க மறுத்தால், நான் அவர்கள் பக்கம்தான்.